கன்னி மூலையில் ஒரு பம்ப்

எங்கள் வீட்டுக் குளியலறையில் ஷவர் என்று ஒன்று உண்டு. வீடு கட்டும்போது மேஸ்திரி வைக்கட்டுமா என்று கேட்டார், என் கணவர் தலையாட்டினார், வந்து உட்கார்ந்துவிட்டது. திறந்தால் நாலைந்து துளைகளில் மட்டும் தண்ணீர் எட்டிப் பார்க்கும். மிச்சத் துளைகளைச் செங்கல்பட்டு உப்புத் தண்ணீர் எப்போதோ அடைத்துவிட்டது. தண்ணீர்த் தொட்டி மொட்டை மாடியில் ஒரு சின்ன மேடைமேல் உட்கார்ந்திருக்கிறது, அந்த உயரத்துக்கு இவ்வளவுதான் வேகம் வரும். யாரும் அதைக் குறையாக நினைக்கவில்லை. வாளி இருந்தது, மக் இருந்தது, தூக்கி ஊற்றக் கையும் இருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், எனக்கு வேலையே ஷவர் புகார் கேட்பதுதான். மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த மாதிரி இருக்கும் ஒரு ரிசார்ட்டில் ஹவுஸ்கீப்பிங் மேசையில் உட்கார்ந்து போன் எடுக்கிறேன். கடலில் குளித்துவிட்டு மணலோடு அறைக்குத் திரும்புகிறவர்கள் ஷவரைத் திறப்பார்கள். கொஞ்சம் மெதுவாக வந்தால் போதும், உலகமே இடிந்து விழுந்த மாதிரி எனக்குப் போன் வரும். "உடனே ஆள் அனுப்பறேன் சார்" என்று தேனாகப் பேசிவிட்டு, அப்படி என்ன அவசரம் இவர்களுக்கு, ஒரு மக் இருந்தால் ஊற்றிக்கொண்டு போகக்கூடாதா என்று உள்ளுக்குள் திட்டுவேன்.

ஒருநாள் வேலை முடிந்து ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தேன். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் ஒரு நாய் சாலையைக் கடக்க ஆரம்பித்தது. கடக்கலாமா வேண்டாமா என்ற சந்தேகம் அதற்குப் பாதிச் சாலையில் வந்துவிட்டது. நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு வலது தோள்பட்டை உடைந்தது.

ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, ஆனால் கை காதுவரைதான் தூக்க வந்தது. வந்துவிடும், பொறுமையாகப் பயிற்சி செய்யுங்கள் என்றார் டாக்டர். எனக்கும் பொறுமைக்கும் எந்தக் காலத்திலும் ஒத்துவந்ததில்லை. சமைக்க முடிந்தது, கணினியில் தட்ட முடிந்தது, பஸ்ஸில் வேலைக்குப் போக முடிந்தது. தலைக்குக் குளிக்க மட்டும் முடியவில்லை.

இடது கை இருக்கிறதே என்று நிறையப் பேர் யோசனை சொன்னார்கள். அவர்கள் எல்லாம் இடுப்புவரை முடி வைத்துக்கொண்டு, ஒரே கையால் தண்ணீர் மொண்டு, அதே கையால் சீயக்காய் தேய்த்து, அது கண்ணுக்குள் இறங்கி எரியும்போது அதே கையால் மக் எங்கே என்று துழாவிப் பார்க்கட்டும். பிறகு யோசனை சொல்லட்டும். முடியை வெட்டிக்கொள்ளலாமே என்று சொன்ன ஒருத்தியோடு நான் இன்னும் சரியாகப் பேசுவதில்லை.

ஆகவே செவ்வாயும் வெள்ளியும் என் மாமியார் எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார். எழுபதைத் தாண்டியவர். கல்யாணமான நாளிலிருந்து ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். எங்களுக்குள் சண்டை கிடையாது. அதற்காகப் பெரிய ஒட்டுறவு என்றும் சொல்ல முடியாது. அவர் போக்கில் அவர், என் போக்கில் நான், நடுவில் என் கணவர் இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டு. இப்படி ஒரு பெண்மணியின் முன்னால் ஸ்டூல் போட்டு ஈரப் பாவாடையோடு தலையைக் குனிந்து உட்காரும் நிலைமை வரும் என்று நான் நினைத்தே பார்த்ததில்லை. முதல் சில தடவை வெட்கத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

வெட்கமாவது பழகிவிட்டது. பழகாதது அவர் ஊற்றும் விதம். அரை அரை மக்காக ஊற்றுவார். அரை மக் ஊற்றி, கொஞ்சம் நிறுத்தி, மறுபடி அரை மக். சீயக்காய் நெற்றியில் இறங்கி வந்துகொண்டே இருக்கும், அதைத் தள்ள வேண்டிய தண்ணீர் வராது.

"அத்தே, ரொப்பி ஊத்துங்களேன். தண்ணிக்குப் பஞ்சமா?"

"ஒரேடியா ஊத்துனா மூச்சு முட்டும். தலையக் குனிஞ்சிகினு கம்முனு இரு."

மூச்சு முட்டுமாம். குழம்பும் அரைக் கரண்டிதான், காபியும் அரை டம்ளர்தான், மறுபடி கேட்டால் மறுபடி அரை. அளந்து பழகிய கை, தண்ணீரைக்கூட மனசார ஊற்றாது என்று என் கணவரிடம் பொருமினேன். அவர் வழக்கம்போல் தலையாட்டினார்.

எனக்கு வேண்டியது பெரிய விஷயம் இல்லை. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட வேண்டும். யாரும் இல்லாமல், யாரிடமும் சொல்லாமல், என் தலையை நானே அலச வேண்டும். தலைக்கு மேலிருந்து தண்ணீர் தானாகக் கொட்டினால் போதும், மீதியை இந்த ஒரு கை பார்த்துக்கொள்ளும். ஒரு வெள்ளிக்கிழமை சீயக்காய் கண்ணில் எரிந்தபோது, அந்தச் சாக்கில் நன்றாக அழுதேன். மாமியார் கவனித்துவிட்டார் என்று நினைக்கிறேன். அன்றைக்குச் சாயங்காலமே என் கணவர் ஒரு பம்ப் வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

என் கணவர் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவு சூப்பர்வைசர். இயந்திரங்கள் எல்லாம் தன் பேச்சைக் கேட்கும் என்ற நம்பிக்கை உள்ளவர். பிளம்பரைக் கூப்பிடலாம் என்று நான் சொன்னதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். கையடக்கமான பம்ப். தொட்டிக்கும் ஷவருக்கும் நடுவில் வைத்தால், குழாயைத் திறந்ததும் தானாக ஓடித் தண்ணீரை வேகமாகத் தள்ளும். அதைக் கூடத்தில் செய்தித்தாள்மேல் வைத்து, மாமியார் சந்தனம் குங்குமம் இட்டார். அத்தோடு முடிந்திருக்க வேண்டும். எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தது.

"தண்ணி சமாச்சாரம்" என்றார் மாமியார். "ஈசானிய மூலையிலதான் வெக்கணும்."

"ம்மா, இது மோட்டாரு. கரண்ட்ல ஓடறது. கரண்ட்டுன்னா நெருப்பு. அக்னி மூலைதான் கரெக்ட்டு."

"கரண்ட்டு உள்ள கீது. வெளிய வர்றது இன்னா? தண்ணிதான?"

"உள்ள இன்னா கீதோ அதத்தாம்மா பாக்கணும்."

"அப்டின்னா நீ தண்ணி குடிச்சா நீ தண்ணியா?"

இரண்டு பேருமே வாஸ்து விஷயத்தில் விட்டுக்கொடுக்காதவர்கள். கிணறும் நிலத்தடிச் சம்பும் என்றால் வடகிழக்கான ஈசானியம், அடுப்பென்றால் தென்கிழக்கான அக்னி மூலை, கனமான மேல்தொட்டிக்குத் தென்மேற்கான கன்னி மூலை. இதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். தண்ணீரும் நெருப்பும் ஒரே டப்பாவுக்குள் இருக்கும் சாமானுக்கு எந்த மூலை என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. "பாத்ரூமு எந்தப் பக்கம் கீதுன்னு யாராச்சும் பாத்தீங்களா?" என்று நான் கேட்டேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள், பிறகு மறுபடி பம்ப்பைப் பார்த்தார்கள்.

கடைசியில் அம்மாவும் பிள்ளையும் சமாதானத்துக்கு வந்தார்கள். ஈசானியத்துக்கும் அக்னிக்கும் நட்டநடுவில், கிழக்குக் கைப்பிடிச்சுவர்மேல் பம்ப். தொட்டியோ தென்மேற்கில். குளியலறை மேற்கில். தொட்டியிலிருந்து கிளம்பிய தண்ணீர் மொட்டை மாடியைக் குறுக்கே கடந்து கிழக்குச் சுவர்மேல் ஏறி, பம்ப்பைத் தரிசித்துவிட்டு, மறுபடி மாடியைக் கடந்து மேற்கே வந்து என் தலையில் விழ வேண்டும். கைப்பிடிச்சுவர் அகலம் போதவில்லை என்று பம்ப்பைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்தார் என் கணவர். குழாய் கொஞ்சம் எட்டவில்லை, அதை இழுத்துப் பிடித்துப் பூட்டினார்.

ஓட்டிப் பார்த்தபோது கொட்டியதென்னவோ உண்மை. நான் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன். வெயிலில் மாடியெல்லாம் சுற்றி வந்த தண்ணீர் முதலில் வெந்நீராக விழுந்தது, பொறுத்துக்கொண்டேன். தலை முழுக்கச் சீயக்காயைப் பூசி முடித்தேன். அந்த நேரம் பார்த்து ஷவர் இரண்டு முறை இருமியது, புஸ் என்று காற்றை விட்டது, நின்றது. கண்ணை மூடிக்கொண்டு சுவரைத் தடவித் தடவித் தாழ்ப்பாளைக் கண்டுபிடித்துத் திறந்து, "அத்தே!" என்று கத்தினேன். அவர் எங்கோ போய்விடாமல் கதவருகிலேயே இருந்திருக்கிறார். வாளியை இழுத்துப் போட்டு அரை மக் ஊற்றினார். அவமானமாக இருந்தது.

அதே நேரத்தில் மாடியில் பம்ப் ஒழுகிக்கொண்டிருந்தது. கிழக்குச் சுவரில் இறங்கிய தண்ணீர் கூடத்து மூலையில் பெயிண்ட்டை உப்ப வைத்தது. என் கணவர் விடுமுறை நாளெல்லாம் மாடிக்குப் போனார். ஒருமுறை குழாய் மூட்டில் சுற்றும் வெள்ளை டேப்பை இன்னும் நிறையச் சுற்றினார். ஒருமுறை ஏதோ பசையை அப்பினார். ஒருமுறை அவர் உயரத்துக்குச் சமமான ஸ்பேனரைக் கொண்டுவந்து முறுக்கியதில் பிளாஸ்டிக் மூட்டு ஒன்று விரிந்தே போயிற்று, புதிது வாங்கினார். ஒழுகல் மட்டும் இடம் மாறாமல் ஒழுகியது.

மாமியாருக்குச் சந்தேகமே இல்லை, கண் திருஷ்டி. தெருவில் வேறு யார் வீட்டிலும் ஷவருக்கு என்று தனி மோட்டார் இல்லை அல்லவா? படிகாரத்தைக் கறுப்புக் கயிற்றில் கோத்துப் பம்ப்பின் கழுத்தில் கட்டச் சொன்னார். ஒழுகிய தண்ணீர் நேராகப் படிகாரத்தின்மேல் விழுந்து, அது நாளுக்கு நாள் இளைத்துக் காணாமல் போய்விட்டது. "பாத்தியா" என்றார் மாமியார், "படிகாரமே கரைஞ்சி பூடுச்சி. அம்மாம் பெரிய கண்ணு!" எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்தபோது தோள் வலித்தது.

அதற்கப்புறம் நானே மாடிக்கு ஏறினேன். எனக்குப் பம்ப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் ரிசார்ட்டில் புகாரை வாங்கிப் பராமரிப்புக்காரர்களுக்குச் சொன்னால், அவர்கள் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி எனக்குத் தூக்கத்திலும் வரும்.

"ஓடும்போது ஒழுகுதா, நிக்கும்போது ஒழுகுதா?" என்று கணவரிடம் கேட்டேன்.

"ஒழுகுது. அவ்ளோதான்."

"எங்கருந்து?"

"எல்லா எடத்துலயும் ஈரமாத்தான் கீது. எங்கருந்துன்னு எப்டித் தெரியும்?"

அதுதான் சிக்கல். தண்ணீர் ஓரிடத்தில் கிளம்பி, உடம்பெல்லாம் வழிந்து, வேறிடத்தில் சொட்டுகிறது. சொட்டுகிற இடத்தையே அவர் திரும்பத் திரும்ப அடைத்துக்கொண்டிருந்தார். நான் கீழே போய் வாசலில் இருந்த கோலமாவு டப்பாவை எடுத்து வந்தேன். பம்ப்பைப் பழந்துணியால் துடைத்து, வெயிலில் நன்றாகக் காயவிட்டு, மூட்டு, கழுத்து, அடிப்பக்கம் எங்கும் கோலமாவை மெல்லத் தூவினேன். பம்ப் முழுக்க வெள்ளை வெளேரென்று ஆயிற்று. என் கணவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "ஃபேக்டரில இதப் பாத்தா சிரிப்பாங்க" என்றார்.

"நாம ஃபேக்டரில குளிக்கலியே" என்றேன்.

பம்ப்பை ஓட்டாமல் தொட்டி வால்வை மட்டும் திறந்துவிட்டுக் காத்திருந்தோம். ரொம்ப நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு தண்ணீர் உள்ளே நுழையும் பக்கத்துத் திருகு மரையில், மாவில் ஒரு பொட்டு கறுத்தது. கண்ணுக்கு முன்னாலேயே பெரிதாயிற்று. ஒன்று கிடைத்தது. மறுபடி துடைத்துத் தூவிவிட்டுப் பம்ப்பை ஓட்டச் சொன்னேன். இந்த முறை வெளியேறும் பக்கம். குழாயை இழுத்துப் பூட்டிய மூட்டு பம்ப்பின் அதிர்வில் வாயைத் திறந்து திறந்து மூடியது, ஒவ்வொரு திறப்புக்கும் ஒரு பீய்ச்சல். இரண்டாவதும் கிடைத்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் கணவரின் கன்னத்திலும் கொஞ்சம் மாவைப் பூசிவிட்டேன்.

இரண்டாவது ஒழுகலுக்குக் காரணம் பார்த்தாலே தெரிந்தது. மூட்டுக்குள் இருந்த ரப்பர் வாஷர் கோணலாக உட்கார்ந்திருந்தது. குழாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே இருந்தால் வாஷர் எப்படி நேராக உட்காரும்? முதல் ஒழுகல்தான் புரியவில்லை. அந்த மூட்டைக் கழற்றச் சொன்னேன். மரைக்குள் இருக்க வேண்டிய டேப் மொத்தமும் வெளியே சுருண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் ரிப்பன் மாதிரி தொங்கியது.

"எப்டி சுத்துனீங்க? சுத்திக் காட்டுங்க."

அவர் மரையைப் பிடித்துக்கொண்டு சுற்றிக் காட்டினார். இடது கையால். அவர் பிறவியிலேயே இடதுகைக்காரர். சோற்றுக்கும் எழுத்துக்கும் மாமியார் அடித்துத் திருத்தி வலது கைக்கு மாற்றினார், மற்ற எல்லாவற்றுக்கும் அவருக்கு இடதுதான். அந்தக் கை டேப்பைத் தனக்குச் சௌகரியமான பக்கம் சுற்றியது. மரையை முறுக்க முறுக்க, இறுக வேண்டிய டேப் பிரிந்து பிரிந்து வெளியே வந்துவிட்டது. அவர் எவ்வளவு இறுக்கியும் ஒழுகல் நிற்காததற்கு அதுதான் காரணம். அவர் தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தார். "எங்கம்மா இத மட்டும் திருத்தாம வுட்டுட்டாங்க" என்றார். நாங்கள் இரண்டு பேரும் மாடியில் உட்கார்ந்து சிரித்தோம். அந்த மனுஷனை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

சிரித்து முடித்ததும் அவரே ஒப்புக்கொண்டார். மூட்டுகளை எல்லாம் சரிசெய்தாலும் பம்ப் இருக்கும் இடம் தப்பு. தொட்டியில் தண்ணீர் பாதிக்குக் கீழே போனால், அதைவிட உயரத்தில் இருக்கும் பம்ப்புக்குத் தண்ணீர் வந்து சேராது, காற்றைத்தான் உறிஞ்சும். அன்றைக்கு ஷவர் இருமியது அதனால்தான். தொட்டியின் காலடியில், தண்ணீர் தானாக வந்து விழும் தாழ்வில், படுத்த வாக்கில் வைக்க வேண்டும்.

"தொட்டி காலடின்னா கன்னி மூலை" என்றார்.

"ஆமா."

"அம்மாகிட்ட யாரு சொல்றது?"

நான்தான் சொன்னேன். அந்த வெள்ளிக்கிழமை, ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்து, தலையில் சீயக்காயோடு, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். முகம் பார்த்துச் சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது.

"கன்னி மூலையிலயா?" அவர் கை நின்றது. "அங்க ஆடற சாமான் வெக்கவே கூடாது. வூட்டு ஆம்பளைக்கு ஆவாது. எம்புள்ளைக்கு எதுனா ஆச்சின்னா இன்னா பண்ணுவ நீ?"

பிள்ளையைப் பணயம் வைத்து நான் குளிக்க வேண்டுமா என்று கேட்கிறார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, வாயைத் திறந்தால் சீயக்காய் போகும் என்பதால் மட்டும் சும்மா இருந்தேன். அவர் மறுபடி மொண்டார். இந்த முறை மக் நிறைய மொண்டார் போலிருக்கிறது. தண்ணீர் என் தலையில் விழவில்லை. மக் அவர் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்து விரிசல் விட்டது.

"நழுவிடுச்சி" என்றார். கோபத்தில் போட்டுவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். குனிந்திருந்த எனக்கு அவர் பாதம் மட்டும்தான் தெரிந்தது. அது கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. பிறகு விரிசல் விட்ட மக்காலேயே, அரை அரையாக, அலசி முடித்தார்.

மறுநாள் காலை காபி குடித்துக்கொண்டிருந்த மகனிடம், பேப்பரைப் பார்ப்பது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "அந்தக் கன்னி மூலையிலயே வெச்சிடு" என்றார். என் கணவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"ம்மா? வாஸ்து?"

"எங்க வெச்சா ஒழுங்கா கொட்டுமோ அங்க வையி. அத நான் பாத்துக்கறேன்."

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். ஏன் இறங்கிவந்தார் என்று யோசிக்கக்கூட இல்லை, அவ்வளவு அவசரம் எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்குள் வேலையை ஆரம்பித்தோம். என் கணவர் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தொட்டி வால்வை மூடினார். கிழக்கே போய் வந்த குழாய்களை எல்லாம் கழற்றினார். தொட்டி மேடைக்குப் பக்கத்தில் ஒரு கல்லைச் சமமாகப் பதித்து, அதன்மேல் பழைய ரப்பர் மிதியடியை வெட்டிப் போட்டு, பம்ப்பை அதில் படுக்க வைத்தார். குழாயை இழுத்துப் பம்ப்போடு சேர்க்கிற வேலையே வேண்டாம் என்று, இரண்டு பக்கமும் வளைந்து கொடுக்கும் ஹோஸ் வைத்தோம். தொட்டித் தண்ணீரில் வரும் தூசிக்கு ஒரு வடிகட்டி. பம்ப்பை எப்போது வேண்டுமானாலும் கழற்ற இரு பக்கமும் ஒரு வால்வு. மின்சாரம் போனாலும் பழையபடி தண்ணீர் வர ஒரு சுற்றுவழி.

டேப் சுற்றும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். அதற்குக் கையைத் தூக்க வேண்டியதில்லை. மரையின் முனை என்னைப் பார்த்திருக்கும்படி மடியில் பிடித்து, கடிகார முள் போகும் பக்கமாக, துணி மடிப்பைத் தடவுவது போல் இறுக்கிச் சுற்றினேன். வாஷர் உட்காரும் மூட்டுகளுக்கு டேப் வேண்டாம் என்று அவரே சொன்னார், அங்கே ரப்பர்தான் தண்ணீரைப் பிடிக்கும். கையால் முறுக்கி, கடைசியில் மட்டும் ஸ்பேனரால் ஒரு சின்னத் திருப்பு. அந்தப் பெரிய ஸ்பேனரை நான் முன்கூட்டியே ஒளித்து வைத்திருந்தேன்.

தொட்டி வால்வைத் திறந்து, பம்ப்பின் தலையில் இருந்த திருகைக் கொஞ்சம் தளர்த்தினார். உள்ளே இருந்த காற்று குமிழ் குமிழாக வெளியேறி, சுத்தமாகத் தண்ணீர் வந்ததும் திருகை மூடினார். நான் எல்லா மூட்டுகளையும் துடைத்து மாவைத் தூவினேன். ஓட்டாமல் காத்திருந்தோம். ஓட்டிவிட்டுக் காத்திருந்தோம். மாவு வெள்ளையாகவே இருந்தது. காற்றில் ஒரு ஓரமாகப் பறந்ததே தவிர எங்கும் கறுக்கவில்லை. என் கணவர் எர்த் கம்பியைச் சரிபார்த்து, மழைக்கும் வெயிலுக்கும் பாதி வெட்டிய தண்ணீர் கேனைத் தொப்பியாகக் கவிழ்த்தார்.

மாமியார் அப்போதுதான் மூச்சு வாங்க மாடிக்கு வந்தார். ஒரு கையில் தண்ணீர்ச் சொம்பு, இன்னொரு கையில் அகல். சொம்பை ஈசானிய மூலையில் வைத்தார், அகலை அக்னி மூலையில் ஏற்றினார். இரண்டு மூலைக்கும் நடுவில் நின்று கையைக் கூப்பி, "கோச்சிக்காதீங்க. வேற வழி இல்ல" என்று சொன்னார். வீட்டுக்கு வந்த விருந்தாளிகளிடம் சாப்பாடு குறைந்துபோனதற்குச் சொல்வது மாதிரி சொன்னார். என் கணவர் அவர் பக்கத்தில் போய் நின்று தானும் கும்பிட்டார். நான் கும்பிடவில்லை, ஆனால் இரண்டு பேரையும் பார்க்க ஆசையாக இருந்தது.

அன்றைக்குச் செவ்வாயும் இல்லை, வெள்ளியும் இல்லை. யாரையும் கேட்காமல் சீயக்காயைக் கரைத்துக்கொண்டு உள்ளே போனேன். தாழ்ப்பாள் போட்டேன். ஷவரின் துளைத் தட்டைக் கழற்றி வினிகரில் ஊறப்போட்டு அடைப்பெல்லாம் எடுத்திருந்தோம். திறந்ததும் எல்லாத் துளையிலும் தண்ணீர் ஒரே வீச்சில் கொட்டியது. இடது கை மேலே தேய்த்தது, வலது கை எட்டின மட்டும் கழுத்தோரம் தேய்த்தது. கண்ணில் இறங்கியதைத் தண்ணீரே தள்ளிக்கொண்டு போயிற்று. இருமவில்லை, நிற்கவில்லை. நாய் குறுக்கே வந்த நாளிலிருந்து எனக்குள் ஏதோ சுருட்டிக்கொண்டு கிடந்தது, அது அவிழ்ந்த மாதிரி இருந்தது. சத்தமாகச் சிரித்தேன். ரிசார்ட்டில் எனக்குப் போன் செய்து கத்தின அத்தனை பேரிடமும் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தால் மாமியார் கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் விரிசல் விட்ட அந்த மக். நின்றுபோனால் ஊற்றுவதற்காக உட்கார்ந்திருந்தாராம். என் தலையைத் தொட்டுப் பார்த்தார், காதுக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்தார். "சுத்தமா போயிருக்கு" என்றார். அதோடு எழுந்து போகவில்லை. மக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஒருவாட்டி நிக்கட்டா அதுல?"

"இப்பவா? காலைலதான குளிச்சீங்க?"

"ஒடம்புக்கு ஊத்திக்கறேன். தலைக்குத்தான்..." என்று நிறுத்தினார். மக்கை நாற்காலியில் வைத்துவிட்டு வலது கையை விரித்து என்னிடம் காட்டினார். விரல் முட்டியெல்லாம் வீங்கி, மணிக்கட்டு ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. அந்தக் கையை நான் தினமும் பார்க்கிறேன், பார்த்ததே இல்லை. "ரொப்புனா தூக்க மாட்டுது. ரொம்ப நாளாச்சி. ஈரத் துணியால தொடச்சிகினு சமாளிச்சிகினு கீறேன். அவன்கிட்ட சொல்லாத, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்னு இழுத்துகினு சுத்துவான்."

அரை மக். அரைக் கரண்டி. அரை டம்ளர். செவ்வாயும் வெள்ளியும், தன் தலைக்கு ஒரு மக் தூக்கி ஊற்ற முடியாத கை, என் இடுப்புவரை முடியை அலசிக் கொடுத்திருக்கிறது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். இந்த அம்மாவை எனக்கு இவ்வளவு பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

"இன்னாத்துக்கு இப்ப கண்ணக் கசக்கிகினு கீற? சீயக்கா போட்டுப் போட்டு எரியுதா?" என்று கையை உருவிக்கொண்டார்.

ஸ்டூலை நகர்த்தி ஷவருக்கு அடியில் போட்டேன். சீயக்காய்க் கிண்ணத்தைக் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தேன். குழாயை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன். அவர் உள்ளே போய் என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

"அத்தே! தாப்பா போடாதீங்க. உள்ள வழுக்கி கிழுக்கி விழுந்தீங்கன்னா?"

"நீ போட்டுகினுதான குளிச்ச?" என்றார் உள்ளேயிருந்து.

பிறகு தண்ணீர் விழ ஆரம்பித்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்து, மக்கை மடியில் வைத்துக்கொண்டேன்.